அப்பா டிரைவர்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 2006 முதல் 2010 வரை இங்கே இயந்திரவியல் படித்தவன். கோயம்புத்தூரில் ஒரு இன்ஜின் கம்பெனியில் வேலை. கம்பெனி சார்பாக 2018-லிலும் 2019-லிலும் சில மாதங்கள் இங்கிலாந்தில், பர்மிங்ஹாம் நகரத்தில் இருந்தேன். சங்கச் செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "தம்பி, அங்கே கால்வாயில் படகிலேயே வீடு மாதிரி குடியிருக்கிறார்களாமே, நீ அதில் தங்கியிருக்கிறாயாமே, அதைப் பற்றிப் பேசு, பிள்ளைகள் கேட்கட்டும்" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அந்தப் படகைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு முன்னால் வேறொரு படகைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தப் படகைப் பற்றி இந்தக் கல்லூரியில் நான் படித்த நான்கு வருடமும் யாரிடமும் வாய் திறந்ததில்லை. எதிரே உட்கார்ந்திருக்கிற என் வகுப்புத் தோழர்களுக்கே இது புதுச் செய்திதான்.

முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து பெயர், ஊர், அப்பா தொழில் சொன்னோம். நான் "அப்பா டிரைவர்" என்றேன். பக்கத்தில் இருந்தவன் மெதுவாக, "எந்த ரூட்டுடா?" என்று கேட்டான். "அறந்தாங்கி பக்கம்" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என் அப்பா பஸ் டிரைவர் ஆகிவிட்டார். ஒரு தடவை ஹாஸ்டலில் நாலு பேர் சேர்ந்து, "உங்கப்பா பஸ்ஸில் ஓசியில் ஒரு ரவுண்டு போகலாம்டா" என்றுகூடக் கேட்டார்கள்.

நான் சொன்னது பொய்யும் கிடையாது. எங்கள் பக்கத்தில் விசைப்படகு ஓட்டுகிறவரை டிரைவர் என்றுதான் சொல்வோம். என் அப்பா ஜெகதாப்பட்டினத்தில் படகு டிரைவர். சொந்தப் படகு கிடையாது, இன்னொருவர் படகு. நம் மாவட்டத்துக்குக் கடல் இருக்கிறது என்பதே புதுக்கோட்டை டவுனில் பாதிப் பேருக்கு ஞாபகம் இருப்பதில்லை. சித்தன்னவாசல் தெரியும், திருமயம் கோட்டை தெரியும், கண்மாய் தெரியும். கட்டுமாவடியில் தொடங்கி சுமார் நாற்பது கிலோமீட்டர் கடற்கரை நமக்கு உண்டு. அதில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் இரண்டும் விசைப்படகு ஊர்கள். நான் மறைத்ததற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. சட்டையில் மீன் வாடை அடிக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் ஒருவன் மூக்கைப் பொத்தியது மனதில் தங்கிவிட்டது, அவ்வளவுதான்.

அப்பா என்னைப் படகில் ஏற விட்டதே இல்லை. "படிக்கிறவன் படகுல கால் வைக்கக் கூடாது, ஒரு தடவ காசு கையில பார்த்துட்டா அப்புறம் புஸ்தகம் தொட மாட்டே" என்பார். 2010 ஜூன் மாதம் கடைசிப் பரீட்சை முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நேரம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கிவிட்டன. படகில் வழக்கமாகப் போகும் ஒரு மாமாவுக்குக் காய்ச்சல். ஆள் குறைகிறது. அப்பா அரை மனதாக, "வர்றியா?" என்றார். அந்த ஒரு நாளைத்தான் சொல்லப் போகிறேன்.

பாக் நீரிணையில் எல்லா நாளும் எல்லோரும் போக முடியாது. விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி. மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுகளுக்கு. நாங்கள் போனது ஒரு திங்கட்கிழமை. விடியற்காலையிலேயே மீன்வளத் துறையில் டோக்கன் வாங்கி, டீசல் ஏற்றி, ஐஸ் உடைத்துப் பெட்டியில் கொட்டி, நீல டிரம்களில் நல்ல தண்ணீர் பிடித்து, அரிசி, புளி, மிளகாய்த்தூள், வெங்காயம் எல்லாம் ஏற்றினோம். ஐந்து பேர். படகு நாற்பத்தைந்து அடி நீளம், மரம். நடுவில் வீல்ஹவுஸ், அதற்குக் கீழே இன்ஜின், பின்னால் வின்ச், அதற்கும் பின்னால் இரண்டு பலகைகள். இந்தப் பலகைகள்தான் இழுவை மடியின் உயிர். இரண்டு ஆள் தூக்குகிற கனம். தண்ணீருக்குள் போனதும் ஒன்று இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமும் விலகிப் பாய்ந்து மடியின் வாயை விரித்துப் பிடிக்கும். விமான இறக்கையின் தத்துவம்தான். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் நான் கஷ்டப்பட்டுப் படித்ததை, பலகையில் கட்டுகிற சங்கிலியை ஒரு கண்ணி ஏற்றி ஒரு கண்ணி இறக்கி அப்பா சரிசெய்வதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அங்கே பெரிய ஆழம் கிடையாது. ஏழு பாகத்துக்கு மேல் போவதே அபூர்வம். ஒரு பாகம் என்பது ஆறு அடி. ஆழம் குறைவு, தரை சேறும் மணலும், அதனால் இறால் நிறைய. நம் பக்கம் படகுகள் பெருகியதற்கும் அதுதான் காரணம், பின்னால் வந்த வம்புக்கும் அதுதான் காரணம்.

படகில் எங்கே படுப்பீர்கள், என்ன சாப்பிடுவீர்கள், அவசரத்துக்கு எங்கே போவீர்கள், இந்த மூன்றும்தான் எல்லோரும் கேட்கிற கேள்வி. வாய்விட்டுக் கேட்காதவர்களும் மனதுக்குள் கேட்பார்கள். படுக்கை என்று தனியாக ஒன்றும் இல்லை. மடி குவித்திருக்கிற இடத்தில் சுருண்டு கொள்ளலாம். வாடைக் காலத்தில் குளிருக்கு இன்ஜின் ரூம் மேல் பலகையில் படுக்க அடிபிடி நடக்கும். ஒரு பாட்டம் மடி இழுக்க மூன்று மணி நேரம் ஆகும். அந்த மூன்று மணி நேரம்தான் தூக்கம், அதிலும் டிரைவருக்குக் கிடையாது. இன்ஜின் சத்தத்தில் எப்படித் தூக்கம் வரும் என்று கேட்டேன். "சத்தம் இருக்குறவரைக்கும் தூங்கலாம் மாப்ளே, நின்னாத்தான் முழிப்பு வரும்" என்றார் ஒரு அண்ணன். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று அன்று இரவே தெரிந்தது.

சாப்பாடு விஷயத்தில் மட்டும் எங்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. மண் நிரப்பின தகரப் பெட்டிக்குள் ஸ்டவ் உட்கார்ந்திருக்கும், ஆட்டத்தில் கவிழாமல் இருக்க. முதல் பாட்டத்தில் வந்த மீனில் காரல், நண்டு, ஒன்றிரண்டு கணவாய் எடுத்து அப்படியே குழம்பு. மீனைக் கடல் தண்ணீரில்தான் கழுவுவார்கள், அதனால் உப்பு பார்த்துப் போட வேண்டும். நல்ல தண்ணீர் குடிக்கவும் சோறு பொங்கவும் மட்டும். கை கழுவ, முகம் கழுவ எல்லாம் கடல். மறுநாள் கரைக்கு வரும்போது உடம்பெல்லாம் உப்புப் பூத்து வெள்ளையாக இருக்கும்.

மூன்றாவது கேள்விக்குப் பதில்: படகின் பின்பக்கம் ஒரு கயிறு உண்டு. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கமாக உட்கார வேண்டும். அலை அடிக்கிற இரவில் அது ஒரு தனி வித்தை. மழை இரவில் அப்படிப் போய்க் கடலில் விழுந்தவர்கள் கதை எங்கள் ஊரில் உண்டு. சிரிக்க வேண்டாம். ஆயிரக்கணக்கான பேர் இன்றைக்கும் அப்படித்தான் போகிறார்கள்.

இரவு பதினோரு மணி இருக்கும், இரண்டாவது பாட்டம். மடி கீழே இழுபட்டுக்கொண்டிருக்கிறது. நான் மடிக் குவியலில் தூங்கிப் போனேன். திடீரென்று முழிப்பு வந்தது. என்ன என்று புரியவில்லை. ஒரே அமைதி. அலை படகில் மோதுகிற சத்தம் மட்டும். இன்ஜின் நின்றுவிட்டது.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மடியைத் தூக்குகிற வின்ச்சும் அதே இன்ஜினில்தான் ஓடுகிறது. இன்ஜின் நின்றால் மடியை ஏற்ற முடியாது. மடியை ஏற்றாமல் படகு நகராது. வயரை வெட்டிவிட்டால் லட்ச ரூபாய் மடியும் பலகையும் போச்சு. ஜூன் மாதம், தென்மேற்கிலிருந்து காற்று. மெதுவாகக் கிழக்கே தள்ளுகிறது. ஜி.பி.எஸ்.ஸில் எல்லைக் கோடு எவ்வளவு தூரம் என்று நான் பார்த்தேன், அப்பா பார்க்கவில்லை. தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. நட்சத்திரமா, படகா, வேறெதுவுமா என்று தெரியாது. யாரும் பேசவில்லை.

"தம்பி, நீ இன்ஜினுக்குத்தானே படிச்சிருக்கே, வந்து பாரு" என்றார் அப்பா. கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பித்தான் கூப்பிட்டார். ஐ.சி. இன்ஜின் பேப்பரில் எனக்கு 84 மார்க். டீசல் சுழற்சியின் படம் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். கீழே இறங்கி அந்த எண்ணெய் வாடையிலும் சூட்டிலும் டார்ச் அடித்துப் பார்த்தால், எதில் கை வைப்பது என்றே தெரியவில்லை. இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அப்பா என்னை மெல்ல நகர்த்தினார். ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றி விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "தண்ணி" என்றார். டீசலில் தண்ணீர் கலந்து, அடைத்து, லைனில் காற்று ஏறியிருக்கிறது. கிண்ணத்தைக் கொட்டித் துடைத்து மாட்டினார். மேலே இருக்கும் சின்ன ஸ்குருவை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு என் கையைப் பிடித்துக் கைப்பம்பில் வைத்தார். "அடி" என்றார். அடித்தேன். ஸ்குரு வாயில் நுரையாக வந்தது. "அடி, நிப்பாட்டாதே." நுரை குறைந்து குமிழி வந்தது. குமிழி நின்று கெட்டியாக டீசல் மட்டும் வந்ததும், பம்பு அடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்குருவை இறுக்கினார். அடுத்து இன்ஜெக்டர் பைப் நட்டுகள், அதே மாதிரி ஒவ்வொன்றாக. நாற்பது நிமிடம். இன்ஜின் பிடித்துக்கொண்ட சத்தம் கேட்டதும் மேலே இருந்த அண்ணன்மார் ஒரு சத்தம் போட்டார்கள் பாருங்கள், என் ரிசல்ட் வந்த அன்றுகூட எங்கள் வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை.

மடியை ஏற்றினோம். முடிச்சை அவிழ்த்ததும் குவியல் தளத்தில் சரிந்தது. அதில் இறால் கொஞ்சம், சொறி கொஞ்சம், கெளுத்தி, சின்னச் சின்னக் குஞ்சுகளாக ஒரு மலை. இந்தக் குஞ்சும் குப்பையும் கலந்ததைச் சங்காயம் என்போம். கோழித் தீவனத்துக்குப் போகிறது. அதற்கு நடுவில் மெல்லிய நைலான் வலை ஒன்று, மிதவையோடு சுருண்டு கிடந்தது. எங்கள் வலை இல்லை. அப்பா அதை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தப் பக்கத்து ஆளோடது. அவனுக்கு இது அரை வருச சம்பாத்தியம்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. தூக்கிப் போடவும் இல்லை. மடித்து ஓரமாக வைத்தார்.

இதை இந்த மேடையில் சொல்வது எங்கள் ஊரில் சிலருக்குப் பிடிக்காது. ஆனால் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான். 1974-லும் 1976-லும் போட்ட ஒப்பந்தங்களில் கடலில் கோடு வந்தது. இலங்கையில் யுத்தம் நடந்த காலத்தில் அந்தப் பக்கத்துத் தமிழ் மீனவர்கள் பெரும்பாலும் கடலுக்கு வர முடியவில்லை. அந்தக் காலத்தில்தான் நம் பக்கம் விசைப்படகு பெருகியது. 2009-ல் யுத்தம் முடிந்து அவர்கள் சின்னப் படகும் நைலான் வலையுமாகத் திரும்பி வந்தபோது, கடலில் எங்கள் மடி இழுபட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் இரவு விரித்து வைத்த வலை மேல் எங்கள் பலகை போனால் மிச்சம் ஒன்றும் இருக்காது. அவர்கள் பேசுவதும் தமிழ்தான், அவர்கள் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் வைப்பது ஏறக்குறைய ஒரே குழம்புதான். 2017-ல் இலங்கை தன் கடலில் இழுவை மடியையே சட்டம் போட்டுத் தடை செய்தது.

எங்கள் பக்கத்து இழப்பும் சின்னதில்லை. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன ஒரு படகு, இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதி மூழ்கியதில் அதில் இருந்த 4 பேரும் திரும்பவில்லை. அதே வருடம் அக்டோபரில் இன்னொரு கோட்டைப்பட்டினம் படகு, ஒருவர் இறந்தார். அந்த வாரங்களில் எங்கள் ஊரில் யார் வீட்டிலும் பேச்சே இல்லை.

அந்தப் பயணத்தின் கணக்கை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். படித்த திமிர், வேறென்ன. ஏலத்தில் வந்தது 14,200 ரூபாய். டீசல் 250 லிட்டர், 8,600. ஐஸ், சாப்பாடு, இதரச் செலவு 1,600. மிச்சம் 4,000. எங்கள் படகில் அப்போது படகுக்காரருக்குப் பாதி, ஆட்களுக்குப் பாதி. 2,000 ரூபாயை ஆறு பங்கு வைத்து, டிரைவருக்கு இரண்டு, மற்ற நாலு பேருக்கு ஒவ்வொன்று. அப்பாவுக்கு 666, எனக்கு 333. அதுதான் என் முதல் சம்பளம். இன்னொரு கணக்கும் போட்டேன். இறால், நண்டு, கணவாய், நல்ல மீன் எல்லாம் சேர்த்து 60 கிலோ. சங்காயம் 400 கிலோ. அதாவது மனுசன் சாப்பிடுகிற ஒரு கிலோவுக்கு நாலு லிட்டருக்கு மேல் டீசல். இன்ஜினியராகச் சொல்கிறேன், இது ஓடுகிற கணக்கு கிடையாது. கடலின் தரையை உழுது குஞ்சையும் அள்ளுகிறோம், அதற்கு டீசலையும் கொட்டுகிறோம்.

இனி செயலாளர் அண்ணன் கேட்ட இங்கிலாந்துப் படகுக்கு வருகிறேன்.

பர்மிங்ஹாம் நகரத்துக்கு நடுவிலேயே கால்வாய்கள் ஓடுகின்றன. ரயில் வருவதற்கு முன்னால் நிலக்கரியும் பீங்கானும் இரும்பும் போவதற்காக 18-ஆம் நூற்றாண்டில் வெட்டியவை. ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் செலவையும் தண்ணீரையும் மிச்சம் பிடிக்க, லாக்குகளை ஏழு அடி அகலத்தில் கட்டினார். லாக் என்பது தண்ணீருக்குப் படிக்கட்டு. இரண்டு பக்கமும் கதவு வைத்த தொட்டிக்குள் படகை விட்டு, மதகைத் திறந்து தண்ணீரை ஏற்றினால் படகு மேலே வரும், வடித்தால் கீழே போகும். நம் கண்மாய் மடையை இரண்டு பக்கமும் பூட்டினால் எப்படியோ அப்படி. அந்த ஏழு அடியில் நுழைவதற்காகப் படகும் ஏழு அடிக்குக் கொஞ்சம் குறைவு. நீளம் மட்டும் எழுபது அடி வரை. ரயில் பெட்டியைத் தண்ணீரில் விட்ட மாதிரி இருக்கும்.

முதலில் குதிரைதான் கரையில் நடந்து படகை இழுத்தது. ரயில் போட்டியில் கூலி குறைந்ததும், வீட்டு வாடகையும் ஆள் கூலியும் மிச்சம் பிடிக்கப் பெண்டாட்டி பிள்ளைகளையும் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். பின்பக்கத்தில் பத்தடிக்கு ஏழடி அறை. அதற்குள் அடுப்பு, கட்டில், குழந்தைகள் எல்லாம். இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எங்கே? இதைத் தட்டிக் கேட்டு ஒருவர் எழுதி எழுதி, 1877-லும் 1884-லும் சட்டம் வந்தது. படகைப் பதிவு செய்ய வேண்டும், எத்தனை பேர் தங்கலாம் என்று கணக்கு, பிள்ளைகள் படிப்புக்கும் விதி. கடைசியில் 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்ததோடு சரக்குப் படகுத் தொழில் ஏறக்குறைய முடிந்துபோனது.

நம்மிடமும் இது இருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பக்கிங்ஹாம் கால்வாய். 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை தொடங்கி, பிறகு வடக்கே ஆந்திராவிலும் தெற்கே மரக்காணம் வரையும் நீண்டது. 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டினார்கள், அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் பெயர் வந்தது. விறகும் உப்பும் கிளிஞ்சலும் ஏற்றிய படகுகளைக் கரையில் ஆட்களே கயிறு கட்டி இழுத்தார்கள். பாரதிதாசன் அப்படி ஒரு படகில் மாமல்லபுரம் போய்த்தான் 'மாவலிபுரச் செலவு' எழுதினார். 1965, 66 புயல்களில் கால்வாய் சிதைந்தது. பிறகு சென்னைக்குள் அதன் மேலேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டாயிற்று. நம் மாவட்டத்திலும் ஒரு பெரிய கால்வாய் இருக்கிறது, கல்லணைக் கால்வாய் மும்பாலைக் கண்மாயில் வந்து முடிகிறது. அதில் படகு விட முடியுமா என்று கேட்காதீர்கள், முதலில் கடைமடைக்குத் தண்ணீர் வரட்டும்.

இப்போது இங்கிலாந்தில் இந்தப் படகுகளில் குடியிருப்பவர்கள் ஆபீஸ் போகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள். வீட்டு வாடகை கட்டுப்படி ஆகாதவர்களும் உண்டு. நிரந்தரமாகக் கட்டிப்போட இடம் வாங்காதவர்கள், 14 நாளைக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது, நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். வேகம் மணிக்கு நாலு மைலுக்கு மேல் கூடாது. ஓடுவதற்கு மணிக்கு ஒன்றரை லிட்டர் டீசல் போதும். என் கூட வேலை பார்த்த ஒருவர், ஐம்பது வயது தாண்டியவர், அப்படி ஒரு படகில் இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை என்னை அழைத்துப் போனார். நகரத்துக்குள் வரிசையாகப் பதின்மூன்று லாக். அவர் படகை ஓட்ட, நான் இரும்புச் சாவியோடு முன்னால் ஓடி ஓடி மதகு திறந்தேன். முடிந்தபோது முதுகு போச்சு.

அந்த மனிதர் படகைக் காட்டிய விதம் எனக்கு மறக்காது. இதுதான் தண்ணீர்த் தொட்டி, எத்தனை நாள் வரும். இதுதான் நிலக்கரி அடுப்பு, குளிர் காலத்தில் ராத்திரி எழுந்து கரி போடாவிட்டால் விறைத்துவிடும். இதுதான் கக்கூஸ், அடியில் பெட்டி, நிறைந்ததும் கழற்றித் தூக்கிக்கொண்டு போய் அதற்கென்று வைத்திருக்கிற இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். இதைக் கூச்சமே இல்லாமல், நம் ஊரில் புதுவீடு காட்டுகிற மாதிரி சொன்னார். எனக்குப் பின்பக்கத்துக் கயிறு ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை நடுவழியில் இன்ஜின் இருமி நின்றது. பழைய இரண்டு சிலிண்டர் லிஸ்டர். நம் பக்கத்து வயலில் பம்புசெட்டாக ஓடின அதே பெயர். அவர் மெக்கானிக்குக்குப் போன் போடப் போனார். "இருங்கள்" என்று நான் இறங்கினேன். ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றி விரலை விட்டு நாக்கில் வைத்தேன். தண்ணீர். துடைத்து மாட்டி, ஸ்குருவைத் தளர்த்தி, அவர் கையைப் பிடித்துக் கைப்பம்பில் வைத்து, நிறுத்தாமல் அடிக்கச் சொன்னேன். நுரை, குமிழி, பிறகு கெட்டியான டீசல். இறுக்கினேன். இன்ஜின் பிடித்தது.

"இதெல்லாம் காலேஜில் சொல்லித் தருவார்களா?" என்று கேட்டார்.

"இல்லை, என் அப்பா டிரைவர்" என்றேன். அவரும் "என்ன வண்டி?" என்று கேட்டார். அங்கேயும் அதே கேள்விதான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, ஊரை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, வேற்று ஆளிடம், "மீன்பிடிப் படகு" என்று சொன்னேன். அன்று மாலை முழுக்க அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தச் சின்ன வலையைப் பற்றியும் சொன்னேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லாமல் டீ போடப் போய்விட்டார்.

அப்பா இப்போது படகுக்குப் போவதில்லை, முட்டி ஒத்துழைக்கவில்லை. கரையில் வலை பொத்துகிறார். தம்பி போகிறான், வாரம் மூன்று நாள். அந்த மூன்று இரவும் அம்மா தூங்குவதில்லை. 2017-ல் பாக் நீரிணை விசைப்படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற்ற ஒரு திட்டம் வந்தது. ஒரு படகு 80 லட்சம், அதில் மத்திய அரசு 40, மாநில அரசு 16, வங்கிக் கடன் 16, மீனவர் கையிலிருந்து 8. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது படகு வைத்திருக்கிறவருக்கான திட்டம். என் தம்பி மாதிரி பங்குக்குப் போகிற ஆளுக்கு அதில் இடம் எது? ஒரு இரவில் போய்த் திரும்பியவன், வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்க வேண்டும். அதற்கேற்ற படுக்கை, தண்ணீர், கழிப்பறை, மீனைக் கெடாமல் வைக்கும் குளிர்சாதனம் எல்லாம் யார் வடிவமைப்பது? எதிர்பார்த்த அளவுக்குப் படகுகள் மாறவில்லை. தம்பியிடம் கேட்டால், "நீ இன்ஜினியர், நீ சொல்லு" என்கிறான். என்னிடம் முழுப் பதில் இல்லை.

ஒரு சின்ன வேலை மட்டும் தொடங்கியிருக்கிறேன். டீசலில் தண்ணீர் கலப்பதைப் பிரித்து எடுக்கவும், ஒரு பயணத்துக்கு எவ்வளவு எரிகிறது என்று ஒழுங்காக அளக்கவும், மலிவான ஒரு அமைப்பு. இரண்டு படகில் மாட்டிப் பார்த்தோம், ஒன்றில் உப்புப் பிடித்துக் கெட்டுப்போனது. இதற்கு இங்கே படிக்கிற மெக்கானிக்கல் பிள்ளைகள் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகெல்லாம் கரையில் இருக்கும், இன்ஜினைப் பிரித்துப் போட்டு வேலை பார்ப்பார்கள், கிட்ட நின்று தொட்டுப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். கடற்கரை ஊர்களிலிருந்து வந்து ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைகள் இங்கே நாலைந்து பேராவது இருப்பீர்கள், நீங்கள் முதலில் வாருங்கள்.

என் வகுப்புத் தோழர்கள் நாலு பேர் ஓசி ரவுண்டு கேட்டீர்களே, அந்தக் கடன் அப்படியே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், சனிக்கிழமை போன படகுகள் வந்திருக்கும். அறந்தாங்கியில் இறங்கி ஜெகதாப்பட்டினம் பஸ் பிடியுங்கள். அம்மா குழம்பு வைத்திருப்பார். அப்பாவிடம் ரூட் மட்டும் கேட்காதீர்கள்.